ஒரு அங்குலம், அரை அங்குலம்

எங்கள் முயல் வெள்ளச்சி முதல் ஈத்தில் ஏழு குட்டி போட்டாள். மூன்றாம் நாள் காலை எண்ணிப் பார்த்தபோது, கூண்டுக்குள் குட்டிகளுக்காக வைத்த பெட்டியில் ஐந்துதான் இருந்தன. ஒன்று கூண்டுக்கு அடியில், புழுக்கை விழுவதற்காகப் போட்டிருந்த தகரத்தின் மேல் கிடந்தது. இன்னொன்று கூண்டுக்கு வெளியே மண் தரையில் கிடந்தது. அதை எறும்பு கண்டுபிடித்துவிட்டது. என் மகள்தான் முதலில் பார்த்தாள். அன்றைக்கு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை.

தாய்தான் தூக்கிப் போட்டுவிட்டது என்றார்கள் பார்க்க வந்தவர்கள். அத்தை மட்டும் நம்பவில்லை. "ஆடோ மாடோ, முதல் ஈத்துல தடுமாறும். தூக்கி எறியாது" என்றார். அன்று சாயங்காலம் கூண்டுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஆறரை மணி இருக்கும். வெள்ளச்சி பெட்டிக்குள் தாவி, குட்டிகளின் மேல் கால் விரித்து நின்றாள். மூன்று நிமிடம், மிஞ்சினால் நான்கு நிமிடம். சட்டென்று வெளியே தாண்டினாள். அவள் வயிற்றில் ஒரு குட்டி காம்பை விடாமல் தொங்கிக்கொண்டே வந்து, பெட்டியின் விளிம்பு தாண்டியதும் வலைமேல் விழுந்தது. அது அப்படியே கண் திறக்காமல் முன்னங்காலால் நீந்துவதுபோல் நகர்ந்து, பக்கவாட்டு வலையின் ஓட்டையில் தலையை விட்டது. நான் கையை வைத்துத் தடுத்தேன்.

அப்போது புரிந்தது. பெட்டியின் முன்பக்கப் பலகை நான்கு அங்குலம்தான் உயரம். தொங்கும் குட்டி தட்டி உள்ளேயே விழ அது போதாது. பக்கவாட்டு வலையின் ஓட்டை ஒன்றுக்கு இரண்டு அங்குலம். தரை வலை ஒன்றுக்கு ஒன்று. மூன்று நாள் குட்டிக்கு அவ்வளவு இடம் தாராளம். தாய்மேல் குற்றமே இல்லை. அளவு தப்பு. அந்த அளவுகளை நான் ஒருநாளும் டேப் வைத்துப் பார்த்ததில்லை.

எங்களுடையது பண்ணை இல்லை. வத்தலக்குண்டு பக்கம், வீட்டுக்குப் பின்னால் பதினாறுக்குப் பத்து அடியில் ஒரு கொட்டகை. ஆறு வருஷத்துக்கு முன் இரண்டு பெண் முயலும் ஒரு ஆணும் வாங்கினோம். வெள்ளை ஜெயன்ட் இனம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது இல்லையா, அங்கே வெள்ளை ஜெயன்ட், சோவியத் சின்சில்லா என்ற முயல் இனங்களையும் வளர்க்கிறார்கள். இந்தப் பக்கத்து முயல்களில் பலவற்றுக்கு மூலம் அந்த மலைதான். கூண்டுகள், தொழிலை விட்டுவிட்டுப் போன ஒருவரிடம் மொத்தமாக வாங்கியவை. அவர் என்ன வலை போட்டிருந்தாரோ அதுவே எங்களுக்கும் என்று இருந்துவிட்டோம். இறைச்சிக்குக் கொடுப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு. வீட்டில் வளர்ப்பவர்களுக்கு மட்டும்தான். இரண்டு வருஷம் கழித்து மகள் கேட்டாள் என்று கினி பிக் என்னும் கினி எலியும் வந்து சேர்ந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதலில் பெட்டி. 12 மில்லி ப்ளைவுட்டில் 18 அங்குல நீளம், 12 அகலம், 12 உயரம். முன்பக்கம் மட்டும் ஏழு அங்குலம். வெள்ளை ஜெயன்ட் நான்கு கிலோவுக்கு மேல் வரும் பெரிய முயல், அதற்கு இது சரியாக இருக்கிறது. சின்ன இனத்துக்கு இவ்வளவு வேண்டாம். பெட்டி பெரிதாக இருந்தால் தாய் அதையே படுக்கையாக்கிக்கொண்டு உள்ளேயே மூத்திரம் போய்விடும், குட்டி ஈரத்தில் விறைக்கும். தாய் உள்ளே திரும்ப இடம் இருந்தால் போதும். அடிப்பலகையில் பென்சில் போகிற அளவு எட்டு ஓட்டை போட்டேன். மேலே பின்பாதியை மூடினேன், உள்ளே இருட்டு வேண்டும் அவளுக்கு. பெயின்ட், வார்னிஷ் எதுவும் அடிக்கவில்லை. முயல் கடிக்காத பலகை கிடையாது. விளிம்பைக் கடிப்பதைத் தடுக்க முன்பக்கத்தில் ஜி.ஐ. தகரப் பட்டையை மடித்துப் போர்த்தி, சுத்தியலால் தட்டி, ராவி, என் மணிக்கட்டின் உள்பக்கத்தை அதன்மேல் இழுத்துப் பார்த்தேன். கீறல் விழுந்தால் மறுபடி ராவினேன். அவள் தினமும் வயிறு உரசிக்கொண்டு தாண்டப்போகிற விளிம்பு அது.

உள்ளே என்ன போடுவது என்பதில் ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். தேங்காய் நார் மெத்தென்று இருக்கிறதே என்று போட்டேன். ஒரு இழை குட்டியின் பின்னங்காலைச் சுற்றி இறுக்கிவிட்டது. பார்த்தபோது பாதம் நீலம் பாரித்திருந்தது. நகவெட்டியால் இழையை அறுத்து எடுத்தேன், கால் பிழைத்தது. அதிலிருந்து நார், நூல், துணி எதுவும் பெட்டிக்குள் போவதில்லை. அடியில் ஒரு அங்குலம் மரச்சீவல், அதன்மேல் நன்றாகக் காய்ந்த கொழுக்கட்டைப் புல். புல்லில் கையை முஷ்டியாக அழுத்தி நடுவில் ஒரு குழி செய்துவைப்பேன். மிச்சத்தை அவளே செய்துகொள்வாள்.

இரண்டாவது, வலை. கம்பிவேலைக் கடை அண்ணனிடம் அரைக்கு ஒன்று அங்குல வலை, 14 கேஜ் என்று கேட்டேன். "எதுக்கும்மா இவ்வளவு சின்னது? கோழிக்கு ஒண்ணுக்கு ரெண்டே போதுமே" என்றார். குட்டியைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளேபோய் ஒரு சுருளை எடுத்துவந்து, "இது வெல்டு பண்ணின பிறகு முலாம் முக்கினது. கொஞ்சம் வெலை ஜாஸ்தி, ஆனா ஒட்டுன இடத்துல துரு ஏறாது. மூத்திரம் படுற இடம்னா இதையே எடுத்துக்க" என்றார். அவர் சொன்னது உண்மை. பழைய கூண்டில் துரு பிடித்து அறுந்தது எல்லாமே வெல்டு வைத்த புள்ளிகளில்தான்.

தரையைப் பிரித்துப் புதிதாகப் போட்டோம். இந்த வலையில் ஒரு பக்கம் கம்பிகள் அரை அங்குலத்துக்கு ஒன்றாக நெருக்கமாக ஓடும், மறுபக்கம் ஒரு அங்குலத்துக்கு ஒன்றாக ஓடும். நெருக்கமான கம்பி மேலே வரவேண்டும். அப்போதுதான் முயலின் எடை பல கம்பிகளில் பரவும். நான் முதல் கூண்டில் தலைகீழாகப் போட்டு, கட்டி முடித்த பிறகு உள்ளங்கையை வைத்துப் பார்த்து, மறுபடி பிரித்தேன். அரை நாள் வேலை. கால் அங்குல வலை போட்டால் இன்னும் மென்மையாக இருக்குமே என்று சிலர் கேட்கிறார்கள். புழுக்கை கீழே விழாது. அதன்மேலேயே முயல் உட்கார்ந்து, பத்தே நாளில் கால் புண்ணாகும்.

கால் புண் பற்றிச் சொல்லவேண்டும். வளர்ப்பவர்கள் பலர் அதைப் பார்ப்பதே இல்லை, ஏனென்றால் முயல் காட்டிக்கொடுக்காது. வலி இருந்தாலும் சத்தம் போடாது, கொஞ்சம் குறுகி உட்காரும், அவ்வளவுதான். எங்கள் ஆண் முயலைத் தூக்கி மல்லாத்திப் பார்த்தபோது பின்னங்கால் குதியில் முடி உதிர்ந்து, ஒரு ரூபாய் காசளவு தோல் சிவந்து தடித்திருந்தது. உடம்பு கனமான இனம், பழைய தரை ஒன்றுக்கு ஒன்று வலை, வருஷக்கணக்கில் அதே கம்பி அதே இடத்தில் அழுத்தியிருக்கிறது. இப்போது ஒவ்வொரு கூண்டிலும் ஒரு மூலையில் பத்துக்குப் பதினான்கு அங்குலப் பலகை இருக்கிறது. வாரம் ஒருமுறை எடுத்துத் தேய்த்து வெயிலில் போடுகிறோம். மூன்று பலகை கூடுதலாக இருந்தால் மாற்றி மாற்றிப் போடச் சௌகரியம். ஆண் முயல் பகலில் பெரும்பாலும் பலகையில்தான் படுக்கிறான். ஒன்றரை மாதத்தில் குதியில் புது முடி வந்தது.

பக்கவாட்டுக்குப் புது வலை வாங்க அப்போது காசில்லை. அதனால் மிஞ்சிய அரை அங்குல வலையை நான்கு அங்குல உயரப் பட்டைகளாக வெட்டி, கூண்டின் நாலு பக்கமும் கீழே மட்டும் சுற்றிக் கட்டினேன். குட்டி தரையோடு தரையாகத்தான் ஊரும், ஏறாது. நான்கு அங்குலம் போதும். வெட்டிய முனைகள் எல்லாம் வெளிப்பக்கம் மடங்கவேண்டும், கட்டுக்கம்பியின் முறுக்கும் வெளியேதான். கட்டி முடித்ததும் கூண்டுக்குள் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு எல்லா மூலையையும் தடவிப் பார்த்தேன். எனக்குக் குத்திய இடம் மூன்று. கட்டிங் பிளையரால் மடக்கினேன்.

எறும்புக்கு வழி சுலபம். எந்தச் சமையலறையிலும் செய்வதுதான். கூண்டின் நான்கு கால்களுக்கும் கீழே கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றினோம். ஆனால் கூண்டு சுவரைத் தொடக்கூடாது. தண்ணீர்க் குழாயோ மேலே தொங்கும் கயிறோ தொட்டாலும் எறும்பு அந்த வழியாக வந்துவிடும். எங்களுக்கு நிப்பிள் குழாய் சுவரிலிருந்து வருகிறது. அதன்மேல் வேப்பெண்ணெய் தோய்த்த துணியை ஒரு சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறேன், நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். கிண்ணத்துத் தண்ணீரையும் அதே நாளில் மாற்றிவிடவேண்டும், இல்லாவிட்டால் கொசு.

இவ்வளவும் முடிய மாசி ஆகிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் ஒரு ஈத்து பார்த்துவிடலாம் என்று வெள்ளச்சியையும் சாம்பலியையும் ஒரே நாளில் ஆணிடம் விட்டேன். பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோகவேண்டும். தன் கூண்டுக்குள் இன்னொரு முயல் வந்தால் பெண் முயல் சண்டைக்கு நிற்கும். இரண்டு பெண்களை ஒரே நாளில் விட்டதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். பதின்மூன்றாம் நாள் அடிவயிற்றை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தேன். சுண்டைக்காய் மாதிரி வரிசையாக நழுவின. புழுக்கை அதைவிடச் சின்னது, கெட்டியானது, முதுகெலும்புப் பக்கம் இருக்கும். ஆரம்பத்தில் எனக்கும் குழப்பம்தான். அழுத்தவே கூடாது, அது மட்டும் நினைவிருந்தால் கை தானாகப் பழகும்.

முயலின் சினை 31 நாள், ஒரு நாள் முன்பின். 28-ம் நாள் பெட்டியை உள்ளே வைத்தேன். 30-ம் நாள் ராத்திரி வெள்ளச்சி வாய் நிறையப் புல்லை மீசைபோல் கவ்விக்கொண்டு பெட்டிக்கும் மூலைக்கும் நடந்தாள். பிறகு தன் தாடையின் கீழிருந்தும் வயிற்றிலிருந்தும் முடியைப் பிடுங்கத் தொடங்கினாள். முதல் தடவை பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள், சொறி என்று நினைப்பார்கள். குட்டிக்குப் போர்வையும் ஆச்சு, காம்பைச் சுற்றி இடமும் ஆச்சு. ஒரே காரியம்.

விடிந்ததும் போனேன். பெட்டியில் குட்டியே தெரியவில்லை. வெள்ளை முடி மேடாகக் கிடந்தது, நடுவில் மட்டும் அந்த முடி மெல்ல ஏறி இறங்கியது, பால் பொங்குவதற்கு முன்னால் ஆடை அசையுமே அதுபோல. கையை முதலில் அவள் படுக்கைப் புல்லில் தேய்த்துக்கொண்டு, இரண்டு விரலால் முடியை விலக்கினேன். சூடு விரலில் ஏறியது. இளஞ்சிவப்பாக, தோல் சுருங்கி, காது தலையோடு ஒட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒன்பது குட்டி. வயிற்றுத் தோல் வழியாகப் பால் வெள்ளையாகத் தெரிந்தது, எலுமிச்சம்பழம்போல் உருண்டிருந்தது. பால் குடித்திருக்கிறதா என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் இல்லை. தாய் நாள் முழுக்கப் பெட்டிப் பக்கமே போகாது. "ஒதுக்கிவிட்டது, பால் கொடுக்க மாட்டேங்குது" என்று எனக்கே எத்தனையோ பேர் போன் செய்திருக்கிறார்கள். முயல் ஒரு நாளைக்கு ஒருமுறை, சில சமயம் இரண்டுமுறைதான் பால் கொடுக்கும். அதுவும் சில நிமிடம். வேட்டை மிருகத்துக்குக் கூடு தெரியக்கூடாது என்று விலகி இருக்கும் குணம் அது. வயிறு உருண்டிருந்தால் கவலைப்பட வேண்டாம். சுருங்கி மடிப்பு விழுந்திருந்தால்தான் கவலை.

சாம்பலிக்கு நான்கே குட்டி. இதற்குத்தான் ஒரே நாளில் விட்டது. வெள்ளச்சிக்குக் காம்பு எட்டுதான், குட்டி ஒன்பது. இரண்டாம் நாள் அவளிடமிருந்து பெரிய குட்டிகளாகப் பார்த்து மூன்றை எடுத்து, சாம்பலியின் முடிக்குள் புரட்டி, அவள் குட்டிகளின் நடுவில் வைத்தேன். பெரியதைத்தான் மாற்றவேண்டும், சின்னது தன் தாயிடமே இருக்கட்டும், அங்கே போட்டி குறைந்துவிட்டதே. சாம்பலி மோந்து பார்த்தாள், திரும்பிக் கடலைக்கொடி தின்னப் போய்விட்டாள். பிறந்த இரண்டு மூன்று நாளுக்குள் செய்தால் தகராறு இல்லை.

அந்த ஏழு அங்குல முன்பலகை? ஆறாம் நாள் சாயங்காலம் பார்த்தேன். ஒரு குட்டி தொங்கியது, பலகையில் தட்டியது, உள்ளேயே விழுந்தது. இன்னொரு நாள் ஒன்று வெளியே வந்துவிட்டது. ஆனால் காலையில் வலைமேல், பட்டைக்கு உள்ளேயே கிடந்தது. தொட்டால் ஜில்லென்று கல்லாக இருந்தது. செத்துவிட்டது என்று மகள் அழுதாள். நான் ரவிக்கைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் நின்று இட்லி ஊற்றினேன். இருபது நிமிடம் கழித்து ஒரு கால் உதைத்தது. சூடு ஏறும்வரை பால் காட்டக்கூடாது, குளிர்ந்த குட்டியால் விழுங்க முடியாது. அரைமணிக்குப் பிறகு கூட்டத்தோடு சேர்த்தேன். பதின்மூன்றும் பிழைத்தன. பதினோராம் நாள் முதல் கண் திறந்தது.

இனி கினி பிக். இவற்றை முயலுக்குத் தம்பி என்று நினைத்ததுதான் நாங்கள் செய்த பெரிய பிழை. இரண்டும் புல் தின்னும், இரண்டுக்கும் பல் வாழ்நாள் முழுக்க வளரும். மற்றபடி உறவே இல்லை. இது தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பிராணி. முயல் குருட்டுக் குட்டியாக 31 நாளில் பிறக்கிறது. கினி பிக் இரண்டு மாதத்துக்கும் மேல் வயிற்றில் இருந்து, முடியும் பல்லும் திறந்த கண்ணுமாக வந்து, அன்றைக்கே ஓடும், மறுநாளே கீரை கடிக்கும். பெட்டி எதுவும் அவற்றுக்கு வேண்டாம்.

முதல் வருஷம் அவற்றை முயல் கூண்டின் கீழ்வரிசையில், அதே கம்பித் தரையில் வைத்திருந்தோம். கொஞ்ச நாள் ஒரு முயலோடு சேர்த்தும் விட்டோம், பார்க்க அழகாக இருக்கும் என்று. முயல் விளையாட்டாக உதைத்தாலே இதன் விலா உடையும். முயலின் மூக்கில் சாதாரணமாக இருக்கும் கிருமி இதற்கு நிமோனியா தரும். கம்பித் தரையில் ஒரு குட்டியின் பாதம் சிக்கி, இழுத்து முறித்துக்கொண்டது. அந்தக் குட்டி மூன்று காலில் இன்னும் எங்களிடம் இருக்கிறது, யாருக்கும் கொடுக்கவில்லை.

ஆக அவற்றுக்குத் தனித் தொட்டி. சிமென்ட் தரையில் ஒரு வரிசை செங்கல் அடுக்கி, மேலே ப்ளைவுட் போட்டு, ஐந்துக்கு மூன்று அடியில் பதினைந்து அங்குலச் சுவர். கினி பிக் ஏறாது, பெரிதாகத் தாவாது. மேலே மூடி தேவைப்படுவது பூனைக்காகவும் பாம்புக்காகவும்தான். மூடிக்கும் அரை அங்குல வலையேதான். எலிக்காகப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு சாரைப்பாம்பு இரண்டுமுறை வந்து போயிருக்கிறது. பலகையின்மேல் பழைய ரெக்ஸின் விரிப்பு, அதன்மேல் சாக்கு, மேலே காய்ந்த புல். இரண்டு பக்கம் வாசல் வைத்த மரப்பெட்டி ஒன்று ஒளிந்துகொள்ள. வாசல் இரண்டு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பலசாலி வாசலில் உட்கார்ந்துகொண்டு மற்றதை உள்ளே அடைத்துவிடும்.

தொட்டி கட்டுவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. மகளின் செல்லம், பழுப்பும் வெள்ளையுமாக ஒரு பெண். கீரைக்கட்டைத் திறந்தாலே, பிளாஸ்டிக் பை சரசரத்தாலே, "வீக், வீக்" என்று வீடே கேட்கக் கத்துவாள். ஒருநாள் கத்தவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். தூக்கினால் வலியில் கிறீச்சிட்டாள், பின்னங்கால் மூட்டு வீங்கியிருந்தது. முடி கலைந்து நின்றது. கால்நடை டாக்டர் வாயைத் திறந்து ஈறைப் பார்த்துவிட்டு, என்ன தீவனம் என்று கேட்டார். முயலுக்குப் போடும் குச்சித் தீவனம்தான் என்றேன். "அதுல முயலுக்கு வேண்டியது இருக்கும்மா, இதுக்கு வேண்டியது இருக்காது. வைட்டமின் சி இதால தானா உண்டாக்க முடியாது, நம்மளப் போலத்தான்" என்றார்.

பிறகு படித்தேன். 1907-ல் நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிக் என்ற இருவர், கப்பல்காரர்களுக்கு வரும் நோயை ஆராய கினி பிக்குகளுக்குத் தானியம் மட்டும் கொடுத்துவந்தார்கள். அவற்றுக்கு, வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் வந்தது. கீரையும் பழச்சாறும் கொடுத்ததும் சரியானது. உலகம் அந்த வைட்டமினைக் கண்டுபிடிக்க வழிகாட்டியதே இந்தப் பிராணிதான். நூறு வருஷத்துக்கு முன் தெரிந்துவிட்ட ஒன்றைத் தெரியாமல் நான் அவளுக்கு அதே நோயைக் கொடுத்திருந்தேன். டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தோடு தினம் கொய்யாவும் கொத்தமல்லியும் கொடுத்தோம். நான்காம் நாள் பை சரசரத்தது, உள்ளேயிருந்து ஒரு சின்ன "வீக்". மகள் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

இப்போது தினமும் காலையில் நெல்லிக்காய் கிடைக்கும் காலத்தில் ஒரு சின்ன துண்டு, இல்லாவிட்டால் கொய்யா, அல்லது குடைமிளகாய். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும், சினையாக இருந்தால் இன்னும் கூட. தண்ணீரில் மாத்திரை கரைத்து வைப்பதில் பயனில்லை, வெளிச்சம் பட்டே வீரியம் போய்விடும். கினி பிக்குக்கு என்றே விற்கும் தீவனத்திலும் மூன்று மாதத்தில் அந்தச் சத்து குறைந்துவிடும், அதனால் தேதி பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, முயலோ கினி பிக்கோ, வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பை ஊற்றிவிடாதீர்கள். குடலில் இருக்கும் நல்ல கிருமி செத்து, பிராணியும் செத்துவிடும். மருந்து டாக்டர் கையால்தான்.

கினி பிக்கில் ஆண் குட்டியை மூன்றாம் வாரமே தாயிடமிருந்து பிரித்துவிடவேண்டும். அந்த வயதிலேயே தாயையும் அக்காவையும் சினையாக்கிவிடும். நான் ஒருமுறை ஆணா பெண்ணா என்று பார்ப்பதில் தவறு செய்து அப்படி நடந்தது. ஏழு மாதம் தாண்டிய பெண்ணை முதல்முறையாகச் சினைக்கு விடுவதும் கூடாது, இடுப்பெலும்பு அதற்குள் இறுகிவிட்டிருக்கும், பிரசவத்தில் தாய் போய்விடும். வாங்க வருபவர்கள் எல்லாரும் "ஒரு ஜோடி கொடுங்க" என்கிறார்கள். நான் ஆணும் பெண்ணுமாகக் கொடுப்பதில்லை. இரண்டு பெண்களைக் கொடுக்கிறேன், கூடிவாழும் பிராணி என்பதால் தனியாகவும் கொடுப்பதில்லை. சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும்.

சித்திரையில் இனப்பெருக்கத்தை நிறுத்திவிட்டோம். மன்னவனூர்க் குளிரில் இருந்து வந்த வம்சத்துக்கு எங்கள் ஊர் வெயில் தாங்காது. முயலுக்கு வியர்க்காது. காது வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். 30 டிகிரிக்கு மேலேயே திணறும், அக்னி நட்சத்திரத்தில் இங்கே 38-ஐத் தொடும். ஆண் முயலுக்கு அந்தச் சூட்டில் விந்து வீரியம் போய்விடும், திரும்ப இரண்டு மாதம் ஆகும். அதனால் விட்டும் பயனில்லை. சிமென்ட் ஷீட்டின்மேல் தென்னங்கீற்று இரண்டு அடுக்கு போட்டோம். மேற்குப் பக்கம் சாக்கைத் தொங்கவிட்டு, மேலே ஓட்டை போட்ட குழாயில் தண்ணீர் சொட்ட வைத்தோம். ஆனால் காற்று ஓடாத நாளில் சாக்கை நனைக்கக்கூடாது. கொட்டகை இட்லிப் பானையாகிவிடும். அந்த நாட்களுக்காக ஒரு லிட்டர் பாட்டில்களில் தண்ணீர் உறையவைத்து, துணி சுற்றி, கூண்டுக்கு ஒன்றாக மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வைக்கிறோம். பத்தே நிமிடத்தில் வெள்ளச்சி பாட்டிலோடு முதுகை ஒட்டி நீட்டிப் படுப்பாள். அரைமணிக்கு ஒருமுறை அத்தை காதைத் தொட்டுப் பார்ப்பார். கொதித்தால் ஈரக்கையால் காதை மட்டும் தடவுவார். உடம்பில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவது ஆபத்து.

வெயில் தணிந்து ஆடிக் காற்று வந்தபோது திண்டுக்கல்லிலிருந்து ஒரு தம்பதி முயல் கேட்டு வந்தார்கள். கூண்டு வாங்கிவிட்டோம் என்று போனில் படம் காட்டினார்கள். வலையின் கட்டம் படத்திலேயே தெரிந்தது. வெட்டி மிஞ்சிய அரை அங்குல வலையில் ஒரு முழம் எடுத்து அவர்கள் கையில் கொடுத்தாள் மகள். தரைக்கு இந்த அளவு, இந்தப் பக்கம் மேலே என்று உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். இரண்டு வாரம் கழித்துத் தரையை மாற்றிவிட்டுத்தான் வந்து இரண்டு பெண் குட்டிகளை எடுத்துப்போனார்கள்.

சாம்பலிக்கு இன்றைக்கு 28-ம் நாள். பெட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்திருந்தேன். மரச்சீவல் போட்டு, புல் போட்டு, குழி செய்து, சற்று முன்னால்தான் உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.